நாடாளுமன்றத்துக்கு ஒரு பெட்டிசமும் எட்டுப் பிரதிகளும்

1

நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதுகிற கடிதத்துக்குப் பிரதி போடக்கூடாதாம். முப்பது வருடமாக லண்டனில் இருக்கிறேன், பஸ் ஓட்டுகிறேன், வரி கட்டுகிறேன், தேர்தல் தவறாமல் வாக்குப் போடுகிறேன். இப்படி ஒரு விதி இருப்பது இந்த வருடம்தான் தெரியவந்தது. தெரியவந்த விதத்தை நினைத்தால் இப்போதும் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. எழுதினாலாவது கை கால் ஓரிடத்தில் நிற்கும் என்று இதை எழுதுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஷிப்ட் முடித்து கோலியர்ஸ் வுட் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தேன். குழுவின் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. "எங்களுக்கு எழுத நேரம் ஒதுக்கியதற்கு மிக்க நன்றி" என்று தொடங்கியது. இந்த நாட்டில் நன்றி இவ்வளவு நீளமாக வந்தால் காரியம் சரிவரவில்லை என்று அர்த்தம்.

சாரம் இதுதான்: நான் அனுப்பிய சாட்சியம் ஏற்கெனவே பல இடங்களுக்குப் போயிருக்கிறது, ஒரு பத்திரிகையிலும் வந்திருக்கிறது. குழுவுக்கு வரும் சாட்சியம் குழுவுக்கென்றே எழுதப்பட்டதாக இருக்கவேண்டும். குழு அதை வெளியிடும்வரை அது வேறெங்கும் வெளிவரக்கூடாது. ஆகவே ஏற்க முடியாமைக்கு வருந்துகிறார்கள்.

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். கடிதத்தின் அடியில் எட்டுப் பிரதிகளும் யார் யாருக்குப் போகின்றன என்று நானே வரிசையாக எழுதியிருந்தேன். பத்திரிகையில் வந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, 'மேலதிகத் தகவலுக்காக' என்று நானே அனுப்பியும் வைத்தேன்.

வசந்தா, என் மனைவி, பின்னால் நின்று வாசித்தாள்.

"உங்களை ஆரும் காட்டிக்குடுக்கத் தேவையில்லை," என்றாள். "நீங்களே போய் வாசல்லை நிண்டு குடுத்திட்டு வருவியள்."

அவள் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. என் கடிதம் போனது எனக்காக இல்லை. மேல்மாடிச் சின்ன அறையில் இருந்த குகனுக்காக. அவருக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சப்பாத்தோடு மாடிப்படியில் ஏறி, பாதியில் இறங்கி, மறுபடி ஏறினேன்.

2

குகனுக்கு நாற்பத்துநாலு வயது. வன்னிப் பக்கம். எங்களுக்கு உறவு இல்லை. ஊராரின் ஊரார் ஒருவர் "ரண்டு கிழமைக்கு வைச்சிருங்கோ" என்று கொண்டுவந்து விட்டார். அது நாலு வருடமாகிவிட்டது. அதற்கு முன் இரண்டு வருடம் லண்டனிலேயே தோர்ண்டன் ஹீத்தில் வேறு யாருடைய வீட்டிலோ இருந்தார். ஆக, இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடம். ஊரில் மனைவி சுதா, முன்பள்ளி ஆசிரியை. வரும்போது நாலு வயதாக இருந்த மகளுக்கு இப்போது பத்து.

அவருடைய அகதி விண்ணப்பத்தை ஒருமுறை நிராகரித்தார்கள். ஊரில் புலனாய்வுக்காரர் இரண்டாம் தரம் அவரைப் பிடித்துக்கொண்டு போன மாதத்தை முதல் விசாரணையில் ஒன்றாகவும் அடுத்ததில் வேறாகவும் சொல்லிவிட்டார் என்பது காரணம். பிறகு புதிதாக விண்ணப்பித்தார். அதற்கு இன்னும் முடிவு இல்லை. முடிவு வரும்வரை இரண்டு கிழமைக்கு ஒருதரம் போய் 'சைன்' வைக்கவேண்டும். தான் ஓடிப்போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்று அரசாங்கத்துக்கு முகம் காட்டுகிற சடங்கு அது. சைன் வைக்கப் போனவர்களைச் சிலவேளை அங்கேயே மறித்துத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோவதும் உண்டு. அதனால் குகன் ஒவ்வொரு முறையும் ஒரு பையோடுதான் போவார். பிரஷர் குளிசை, போன் சார்ஜர், இரண்டு சேர்ட், மகளின் படம். திரும்பி வந்ததும் பையை அவிழ்க்கமாட்டார். கட்டில் அடியில் அப்படியே தள்ளிவிடுவார்.

வேலை செய்ய அனுமதி இல்லை. வேலை செய்யாமல் இருக்க அந்த மனிதருக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரைக் கழுவிக்கொண்டிருந்தவர் திடீரென்று வாளியை வைத்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணை, இதை வேலை எண்டு ஆரும் சொல்லுவினமோ?"

நான் சிரித்தேன். அவர் தெருவை ஒருதரம் அங்கும் இங்கும் பார்த்துவிட்டுத்தான் மறுபடி வாளியை எடுத்தார்.

எனக்கு அந்தப் பார்வை பழக்கமானது. ஆனால் எனக்கு அது இரண்டு வருடத்தோடு முடிந்தது. நான் வந்த காலத்தில் கேட்ட கேள்விகள் குறைவு. இங்கே தங்குவதற்குப் பேப்பர் கிடைத்தது, வசந்தா வந்தாள், மகள் அபி பிறந்தாள், கவுன்சில் மண்டபத்தில் கையை உயர்த்திச் சத்தியம் செய்து பிரஜையானேன். குகனுக்கும் எனக்கும் நடந்தவை ஏறத்தாழ ஒன்றுதான். நான் முந்தி வந்தேன், அவர் பிந்தி வந்தார். இதை யோசிக்கத் தொடங்கினால் பஸ்ஸில் மணி அடித்தது காதில் விழாமல் தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விடுகிறேன். இரண்டு முறை பயணிகளிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் குழுவின் அழைப்பு கண்ணில் பட்டது. ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே ஒவ்வொரு அமைச்சுக்கும் மேலே கண் வைத்திருக்க எம்.பி.மார் குழு ஒன்று உண்டு. ஆளும் கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் கலந்து இருப்பார்கள். குடிவரவு, எல்லை, பாதுகாப்பு என்று அரசாங்கம் என்ன செய்தாலும் அமைச்சரையும் அதிகாரிகளையும் கூப்பிட்டு முன்னால் இருத்திக் கேள்வி கேட்கும். கேட்பதற்கு முன், "உங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புங்கள்" என்று பொதுமக்களிடமும் கேட்கும். இந்த முறை அகதி விண்ணப்பங்களின் தாமதத்தையும் சைன் வைக்கும் முறையையும் பற்றிக் கேட்டிருந்தார்கள். அரசாங்கமே வாயைத் திறந்து கேட்கிறது என்று நான் துள்ளிக் குதித்தேன்.

குகன் துள்ளவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அண்ணை, என்ரை பேர் வரக்கூடாது. சுதாவும் பிள்ளையும் அங்கை தனிய. இப்பவும் இடைக்கிடை வந்து விசாரிச்சிட்டுப் போறவங்கள்."

"பேர் போடமாட்டன். நான் சொல்லுறன் எல்லே."

"சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியத்தைக் காப்பாற்றினேன். பேரைப் போடவில்லை.

3

என் அப்பா கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். அந்த மேசைக்கு வந்த பெட்டிசங்களை, முறைப்பாட்டு மனுக்களை, வாசித்தே கண் பழுதானவர். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குப் பெட்டிசம் எழுதுவது ஒரு வியாதி என்பார்கள். வேலி அரைமுழம் தள்ளிப்போனால் பெட்டிசம், வாத்தியார் மாற்றலாகி வந்தால் பெட்டிசம், மாற்றலாகிப் போனாலும் பெட்டிசம். அப்பா சொல்லித்தந்த இலக்கணம் ஒன்றுதான்: "ஒருத்தனுக்கு எழுதினால் குப்பையிலை போடுவான். எட்டுப் பேருக்குப் பிரதி போட்டால், மற்ற ஏழு பேரும் வாசிச்சிருப்பாங்கள் எண்டு ஒவ்வொருத்தனும் பயப்பிடுவான்."

இது சிரிப்புக்குச் சொன்ன பகிடி இல்லை என்று எனக்கு இருபத்திரண்டு வயதில் தெரிந்தது. பட்டாளத்தின் ஒரு சுற்றிவளைப்பில் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூட வீட்டாருக்குத் தெரியாது. அம்மா பெட்டிசத்தோடு அலைந்தா. மாவட்டத்தின் அரசாங்க அதிபர், ஆயர், பட்டாளத்துப் பெரியவர், கொழும்பில் மூன்று அமைச்சர்கள், ஒரு பத்திரிகை ஆசிரியர், இன்னும் யாரோ. அடியில் எல்லாருடைய பெயரும் வரிசையாக. பதினோராம் நாள் விட்டார்கள். எந்தப் பிரதி வேலை செய்தது என்று இன்றைக்கும் தெரியாது. என்னோடு ஒரே லொறியில் ஏற்றப்பட்ட ஒருவருக்குப் பெட்டிசம் எழுத ஆளில்லை. அவர் வரவில்லை.

அதனால் பிரதி என்றால் எனக்கு உயிர். இங்கே வந்தும் விடவில்லை. டூட்டிங் பக்கம் யாருக்குக் கவுன்சிலோடு பிரச்சினை வந்தாலும், பெனிபிட் என்கிற அரச உதவிப்பணம் நின்றாலும், என்னிடம் வருவார்கள். எழுதிக் கொடுப்பேன். பிரதிகள் போடுவேன். சிலது பலித்தும் இருக்கிறது, குப்பை எடுக்கிற விஷயத்துக்குக்கூட ஆயருக்குப் பிரதி போனதை அபி இன்றுவரை சொல்லிச் சிரிப்பாள்.

குகனுக்காகப் பதினொரு பக்கம் எழுதினேன். இரவுச் சாப்பாட்டுக்கும் இறங்கி வராமல் மூன்று நாள் எழுதினேன். எழுதும்போது உள்ளே ஒரு சூடு. என் அம்மாவின் பெட்டிசக் கதையை இரண்டாம் பக்கத்தில் சேர்த்தேன். குகனின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். மனைவி முன்பள்ளி ஆசிரியை என்று எழுதினேன். மகளின் வயதை எழுதினேன். அடி வாங்கியதால் இடது கையில் இரண்டு விரல் மடங்காது என்று எழுதினேன். எந்தக் குளத்தங்கரையில் வைத்துப் பிடித்தார்கள் என்றும் எழுதினேன். வாசிக்கிறவன் மனம் இளகவேண்டும் அல்லவா. குழுவுக்கு அனுப்பிவிட்டு, எங்கள் தொகுதி எம்.பி.யில் தொடங்கி எட்டுப் பேருக்குப் பிரதி அனுப்பினேன்.

எட்டாவது பிரதி தேவராசாவுக்குப் போனது. கடைகளில் இலவசமாக வைக்கும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றை நடத்துபவர், என் நண்பர். 'தங்கள் தகவலுக்கு மட்டும்' என்றுதான் எழுதினேன். அவரைக் குறை சொல்லமாட்டேன். பத்திரிகைக்காரனுக்குத் தகவல் கொடுத்துவிட்டு வெளியிடாதே என்பது பூனைக்கு முன்னால் கருவாட்டை வைத்துவிட்டு வருவது மாதிரி. வெள்ளிக்கிழமை மூன்றாம் பக்கத்தில் முழுசாக வந்தது. பெயர் இல்லை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. டூட்டிங்கில் மூன்று கடைக்குப் போய் ஒவ்வொன்றிலும் இரண்டு பத்திரிகை எடுத்தேன்.

குகனிடம் நான் காட்டவில்லை. ஒரு நல்ல செய்தியோடு சேர்த்துக் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

4

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, குகனின் அறைக் கதவு திறந்தது. கையில் போன். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணை, பேப்பரிலை ஏதும் வந்ததோ?"

பத்திரிகை இணையத்திலும் வரும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. யாரோ படம் பிடித்து யாருக்கோ அனுப்ப, அது ஊராரின் வாட்ஸப் குழுமங்களில் சுற்றி, சுதா வேலை செய்யும் முன்பள்ளிக்குப் பிள்ளை விட வந்த ஒரு தாயின் போனிலும் வந்துவிட்டது. ஊரில் இரண்டு விரல் மடங்காதவர், மனைவி முன்பள்ளி ஆசிரியை, ஆறு வருடத்துக்கு முன் லண்டனுக்குப் போனவர் என்றால் எத்தனை பேர்? முந்தின நாள் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் சுதாவின் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கத்தவில்லை. மிரட்டவில்லை. தண்ணி கேட்டுக் குடித்துவிட்டு, "உங்கட அவர் லண்டன் பார்லிமென்ற்றுக்கு எங்களைப் பற்றி எழுதுறாராம், உண்மையோ?" என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்றும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் பத்திரிகையை எடுத்துவந்து கொடுத்தேன். மின்னஞ்சலையும் சொன்னேன். ஆக, சாட்சியமும் போகவில்லை, குடும்பத்துக்கும் ஆபத்து. குகன் படியில் உட்கார்ந்து மூன்றாம் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். எனக்கு அவர் எழும்பி இரண்டு அறை அறைந்தால் தேவலை போல இருந்தது.

"நல்லா எழுதியிருக்கிறியள்," என்றார்.

"குகன், நான்..."

"நல்லதுக்குத்தான் செய்தனீங்கள். அதுதான் அண்ணை, உங்களோடை கோவிக்கவும் ஏலாமல் கிடக்கு."

அந்தக் கிழமையே சுதா மகளைக் கூட்டிக்கொண்டு வவுனியாவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டா. வேலை போய்விட்டது. பிள்ளைக்குப் புதுப் பள்ளிக்கூடம், ஒரு சிநேகிதியும் இல்லை. குகன் சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே வருவதை நிறுத்தினார். கோபத்தில் இல்லை, கீழே வந்தால் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பேன் என்பதால்.

நான் வாண்டில் ஆற்றங்கரையில் ஷிப்ட் முடிந்த பிறகு நடந்தேன். மணிக்கணக்காக நடந்தேன். எனக்குப் புரியாமல் போனது ஒன்றுதான். என்னைப் பிடித்துவைத்திருந்தபோது எத்தனை பேருக்குத் தெரிந்ததோ அத்தனைக்கு நான் பாதுகாப்பாக இருந்தேன். தெரியாமல் போயிருந்தால் செத்திருப்பேன். குகனின் வீட்டாருக்கோ எத்தனை பேருக்குத் தெரியாமல் இருக்கிறதோ அத்தனைக்குப் பாதுகாப்பு. அம்மா செய்து என்னை வாழவைத்த அதே வேலையைத்தான் நான் செய்தேன். இதை நான் எழுதத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எழுதுகிற சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

5

ஞாயிற்றுக்கிழமை அபி வந்தாள். எங்கள் ஒரே மகள், இருபத்தாறு வயது, கிங்ஸ்பரிப் பக்கம் சிநேகிதிகளோடு வீடு எடுத்து இருக்கிறாள். மாதம் ஒருதரம் வந்து சாப்பிட்டு, டப்பாவில் கறி கட்டிக்கொண்டு போவாள். எங்கள் உலகம் அவளுக்குப் பெரும்பாலும் வசந்தாவின் மீன்குழம்புதான் என்று நான் கொஞ்சம் கசப்போடு நினைத்துக்கொள்வதுண்டு.

வசந்தா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அபி பதினொரு பக்கத்தையும் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"அப்பா, இது நீங்களா? பதினொரு நாள்?"

"ஓம்."

"ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

"பார்லிமென்ற் கேட்டதா?"

"கேட்டது. தெரிஞ்சதை எழுதி அனுப்பச் சொல்லி."

அவள் எழும்பிப் போய்க் குசினியில் தண்ணி குடித்தாள். திரும்பி வரும்போது மூக்கு சிவந்திருந்தது. பிறகு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள், அவளுக்கு மனம் கனத்தால் தமிழ் வராது. குழுவின் இணையப் பக்கத்தில் எப்படி எழுதவேண்டும் என்று வழிகாட்டி இருக்கிறதே, வாசித்தீர்களா என்று கேட்டாள். எனக்குப் பெட்டிசம் எழுதச் சொல்லித்தர இவர்கள் யார் என்று அதை நான் திறக்கவே இல்லை.

அதில் எல்லாம் இருந்தது. தனி ஒருவரின் வழக்கைக் குழு தீர்த்துவைக்காது. சுருக்கமாக எழுதவேண்டும். பத்திகளுக்கு இலக்கம் போடவேண்டும். வேறெங்கும் வெளிவந்திருக்கக்கூடாது. எழுதுபவருக்கு ஆபத்து என்றால் பெயரில்லாமல் வெளியிடும்படி கேட்கலாம், முழுவதையும் இரகசியமாக வைக்கும்படியும் கேட்கலாம். ஐந்து நிமிட வாசிப்பு. இந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழித்திருந்தால் பிள்ளை ஒன்று வவுனியாவில் அழுதுகொண்டிருக்காது.

மறுநாள் அபி குழுவின் அலுவலகத்துக்குப் போன் பண்ணினாள். புதிதாக, வேறு விதமாக எழுதித் தந்தால் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வரவேண்டும் என்றார்கள். வேலைக்கு இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அப்பா, நீங்க கீபோர்டுக்குக் கிட்ட வரக்கூடாது," என்றாள். "சீரியஸா."

நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் குகன் மாட்டேன் என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை.

"மாமா, உங்களுக்கு வேண்டாமெண்டா நாங்க விட்டிடலாம். ரியலி. ஆனா சுதா அன்ரியைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. டிசைட் பண்ண வேண்டியது நீங்க ரெண்டு பேர், அப்பா இல்லை."

என் மகளின் வாயிலிருந்து இப்படி ஒரு நியாயம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் சுட்டது. ஆனாலும் சரிதான்.

வியாழன் காலை சுதாவோடு பேசினார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அந்தப் பெண்ணின் குரலை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன். நான் குனிந்த தலை நிமிராமல் இருந்தேன். அபி தன் உடைந்த தமிழில் விதிகளையெல்லாம் விளங்கப்படுத்தினாள். ஊர் வராது, விரல் வராது, வேலை வராது, பிள்ளை வராது. லண்டனில் நடப்பது மட்டும்தான் வரும். ஆனாலும் நூற்றுக்கு நூறு ஆபத்து இல்லை என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள்.

போனில் எங்கோ ஒரு பஸ் போகும் சத்தம்.

"பயத்திலை வீட்டையும் விட்டாச்சு, வேலையையும் விட்டாச்சு," என்றா சுதா. "இனி எழுதாமலும் விட்டால் நான் இதெல்லாம் என்னத்துக்கு விட்டனான்? எழுதுங்கோ. ஆனா இந்தமுறை அந்த அண்ணை எழுதவேண்டாம்."

வசந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சுதாவுக்கும். குகன்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன், எனக்கு வேறு என்ன வழி.

இரண்டு பக்கம். பத்துப் பத்தி. குகன் சொல்லச் சொல்ல அபி எழுதினாள். அவர் எதையாவது அழகாகச் சொல்லப் போனால் நிறுத்தினாள். எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவீர்கள், எவ்வளவு நேரம் வரிசையில் நிற்பீர்கள், உள்ளே என்ன கேட்பார்கள், என்ன சொல்வீர்கள். பையில் என்ன இருக்கும். ஏன் அதை அவிழ்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு அனுப்பினாள். நான் ஐந்து மணிவரை அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன், போய்ச் சேராமல் விட்டுவிடுமோ என்று. மறுகிழமை ஒரு வரியில் மறுமொழி வந்தது. சாட்சியமாக ஏற்றுக்கொண்டார்கள். பெயரில்லாமல் வெளியிடுவார்கள். இந்த முறை நன்றி சுருக்கமாகத்தான் இருந்தது.

அந்தக் கிழமையிலிருந்து குகன் சாப்பிடக் கீழே வருகிறார். மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார், அதைக் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது.

6

அமைச்சரைக் குழு கேள்வி கேட்கும் நாள் வந்தது. இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். அபி தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தாள். நான் ஷிப்ட் மாற்றி எடுத்திருந்தேன். குகன் அன்று காலையில் சைன் வைத்துவிட்டு வந்திருந்தார். பை காலடியில் இருந்தது.

கதிரை தூக்கி எறிகிற நாடாளுமன்றத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பெரிய ஏமாற்றம். லாட வடிவில் ஒரு மேசை. சுற்றிவர எம்.பி.மார், நடுவில் அமைச்சர், அவருக்குப் பக்கத்தில் இரண்டு அதிகாரிகள். ஆளுக்கொரு கிளாஸ் தண்ணி. யாரும் சத்தம் போடவில்லை. சிறு படகுகளில் வருகிறவர்கள், எல்லைப் பாதுகாப்பு, அகதிகளை வைத்திருக்கும் ஹோட்டல்கள் என்று ஒரு மணித்தியாலம் போனது. நான் குகனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் அசையாமல் இருந்தார்.

பிறகு கண்ணாடி போட்ட ஒரு பெண் எம்.பி. பேச வந்தார். வட இங்கிலாந்து உச்சரிப்பு. ஐந்து வருடத்துக்கு மேலாக முடிவு இல்லாமல் சைன் வைத்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

அமைச்சர், இந்த அரசாங்கம் பொறுப்பெடுத்தபோது நிலைமை எப்படி இருந்தது என்று சொல்லத் தொடங்கினார்.

எத்தனை பேர் என்று அந்த எம்.பி. மறுபடி கேட்டார்.

அமைச்சர் பக்கத்திலிருந்த அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தாள்களைப் புரட்டினார்.

"நான் உங்களுக்கு ஒன்று வாசிக்கிறேன், அமைச்சர்," என்றார் அந்தப் பெண். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு தாளை எடுத்தார். "எங்களுக்கு ஒருவர் எழுதியிருக்கிறார். 'நான் சைன் வைக்கப் போகும்போது ஒரு பை கொண்டுபோகிறேன். என்னை வீட்டுக்கு விடாமல் வைத்துக்கொண்டால் தேவைப்படும். வீட்டுக்கு வந்ததும் அதை அவிழ்ப்பதில்லை. அவிழ்த்தால் நான் இங்கே இருக்கப்போகிறேன் என்று நம்பிவிடுவேன்.' இவர் ஆறு வருடமாக இப்படிப் போய்வருகிறார். இவரைப்போல எத்தனை பேர்?"

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். குகன் கையை நீட்டி என்னைத் தடுத்தார். அவருக்கு விளங்கியிருந்தது. அபி அவருடைய தோளில் கை வைத்தாள். நான் பதினொரு பக்கத்தில் எழுதாத வரி அது. பை கட்டுவதைப் பற்றி நான் எழுதவே இல்லை.

அமைச்சர் தண்ணி ஒரு வாய் குடித்தார். தனிப்பட்ட வழக்குகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல முடியாது என்றார். அந்த எண்ணிக்கை இப்போது தன் கையில் இல்லை, குழுவுக்கு எழுத்தில் அறியத்தருகிறேன் என்றார். பெண் எம்.பி. எதையோ குறித்துக்கொண்டார். தலைவர் அடுத்தவரைப் பேச அழைத்தார். அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட இல்லை.

அபி ஒலியைக் குறைத்தாள். வசந்தா தேத்தண்ணி போட எழும்பினாள்.

"அண்ணை," என்றார் குகன். "அவர் கடைசியா என்ன சொன்னவர்?"

"கணக்குக் கையிலை இல்லையாம். பிறகு எழுதி அனுப்புறாராம்."

"எழுதாட்டில்?"

"திருப்பிக் கேப்பினம்."

"அதுக்கும் எழுதாட்டில்?"

"இன்னொருக்கால் கூப்பிடுவினம். விடமாட்டினம் எண்டுதான் நினைக்கிறன்."

அவர் திரையைப் பார்த்தார். அமைச்சர் தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு வேறு யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"மறுமொழி குடுக்கும்வரைக்கும் அவர் எங்கையும் போய் சைன் வைக்கத் தேவையில்லையோ?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அபியும் சிரித்தாள். குகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பகிடிக்குக் கேக்கேல்லை அண்ணை," என்றார். "எனக்குத் தெரியாமல்தான் கேக்கிறன்."

"தேவையில்லை," என்றேன்.